எட்டுப் பேர் நாட்டுக்கு ஒரு நாணயம்

2014 ஜனவரி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கடலோரச் சூதாட்ட நகரமான அட்லாண்டிக் சிட்டி. ஹாராஸ் ஹோட்டலில் தங்கியிருந்தவர்கள், மேலேயிருந்து அறைக்குள் தண்ணீர் சொட்டுகிறது என்று புகார் சொன்னார்கள். கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்த்தால், உள்ளே அடைத்துக்கொண்டிருந்தவை போக்கர் சிப்புகள், அதாவது சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைத்தாடும் வில்லைகள். அதே ஊரில் போர்காட்டா காசினோவில் அப்போது பெரிய போக்கர் போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் ஆடிய ஒருவர் கள்ளச் சிப்புகளைச் செய்து எடுத்துவந்து தன் அடுக்கில் கலந்திருக்கிறார். மாட்டிக்கொள்வோம் என்று பயம் வந்ததும் மிச்சத்தைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். குழாயில் சிக்கியவற்றின் முகமதிப்பு மட்டும் 27 லட்சம். இன்னும் 27 பேரே மிச்சமிருந்த கட்டத்தில் போட்டி நிறுத்தப்பட்டது. ஆசாமி சிறைக்குப் போனார்.

காசினோவில் தலைக்கு மேல் கேமரா உண்டு. சிப்பிலேயே புற ஊதா விளக்கில் மட்டும் தெரிகிற ரகசியக் குறி உண்டு. அங்கேயே இந்தக் கதி என்றால், வெள்ளிக்கிழமை ராத்திரி யாரோ ஒருவர் வீட்டு கராஜில் எட்டுப் பேர் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்துக்கு என்ன காவல்? அமெரிக்கக் கடைகளில் அலுமினியப் பெட்டியில் 500 சிப் அடுக்கி விற்பார்கள். ஓரத்தைச் சுற்றிப் பகடைப் படம் போட்ட சிப். டெக்சஸில் வாங்கினாலும் அதுதான், ஒஹையோவில் வாங்கினாலும் அதுதான். ஆட வருகிறவர் தன் வீட்டுப் பெட்டியிலிருந்து 25 டாலர் மதிப்புள்ள நாலு பச்சைச் சிப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தால், கடைசியில் கணக்குப் பார்க்கும்போது வீட்டுக்காரர் நூறு டாலர் கைக்காசு போட வேண்டியதுதான்.

தன் வீட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத சிப்பைச் செய்துகொள்ளும் பழக்கத்துக்கு இது ஒரு காரணம். ஒரே காரணம் என்று சொன்னால் பொய். இந்தக் கிறுக்கு பிடித்தவர்களின் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இருபது வருஷ நண்பர்கள். ஒருவரும் திருட மாட்டார்கள். இருந்தும் 400 சிப்புக்காகப் பல நூறு டாலர் செலவழித்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குகிறார்கள். ஒரு நாட்டுக்கு நாணயம் அச்சிடுகிற வேலை அது. குடிமக்கள் எட்டே பேர் என்பதுதான் வித்தியாசம். நாணயம் அடிக்கிறவனுக்கு வருகிற தலைவலி எல்லாம் இவர்களுக்கும் வரும்.

ஆசை புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய குடும்பங்கள் தங்கள் குலச்சின்னத்தை வரைந்து சீனாவின் கான்டன் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். முத்துச்சிப்பி ஓட்டை மெல்லிசாக இழைத்து, நடுவில் அந்தச் சின்னத்தையும் சுற்றிப் பூவேலையும் செதுக்கிய காய்கள் கப்பலேறி வந்து சேரும். வட்டம், நீள்சதுரம், மீன் என்று வடிவத்துக்கு ஒரு மதிப்பு. சீட்டாடுகிற மேசையில் குடும்பப் பெருமையைப் பரப்பி வைப்பதற்குத் தோதான பொருள். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஹாரி ட்ரூமன், அந்தப் பதவியின் கழுகு முத்திரை பொறித்த சிப்புகளை வைத்திருந்தார். ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட்டில் அவர் ஓய்வெடுத்த மாளிகையில், கடற்படைத் தச்சர்கள் 1949-ல் அவருக்குச் செய்துகொடுத்த போக்கர் மேசை இன்றும் இருக்கிறது. 1946 மார்ச்சில் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலை, அவருடைய புகழ்பெற்ற ‘இரும்புத் திரை’ உரைக்காக மிசௌரிக்கு ரயிலில் அழைத்துப் போனபோதும் வழியில் போக்கர்தான். சர்ச்சில் தோற்றார்.

சாமானியர் வீட்டுக்கு இந்த மோகம் வந்தது 2003-க்குப் பிறகு. அந்த ஆண்டு லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை, 86 டாலர் கட்டி இணையத்தில் தகுதிபெற்று வந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னசி கணக்காளர் ஜெயித்துவிட்டார். பரிசு 25 லட்சம் டாலர். மணிமேக்கர் என்பது அவருடைய நிஜப் பெயர். கதையில் வைத்தால், நம்பும்படி இல்லை என்று பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். ஆட்டக்காரரின் கையிலிருக்கும் சீட்டை ரசிகர்களுக்குக் காட்டுகிற கேமராவும் அப்போதுதான் தொலைக்காட்சியில் பரவியிருந்தது. அந்த வருஷம் 839 பேர் ஆடிய போட்டியில் 2006-ல் 8,773 பேர் ஆடினார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் வீட்டில் மேசை போட்டார்கள். மேசை போட்டவர்களில் சிலருக்குப் பிளாஸ்டிக் சிப் கையில் உறுத்தியது.

(பல அமெரிக்க மாநிலங்களில், வீட்டுக்காரர் ஆட்டத்திலிருந்து தனக்கென்று பங்கு பிடிக்காதவரை நண்பர்களுக்குள் ஆடுவதைச் சட்டம் விட்டுவைக்கிறது. இதைப் படித்துவிட்டு இங்கே மேசை போட நினைப்பவர்கள், தமிழ்நாட்டில் 1930-ஆம் வருஷச் சூதாட்டச் சட்டம் இன்னும் உயிரோடிருப்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.)

உறுத்தியது என்று சொன்னேன். ஒரு கடைச் சிப்பையும் ஒரு பழைய காசினோச் சிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்தால்தான் அது புரியும். கடைச் சிப் 11.5 கிராமோ 14 கிராமோ இருக்கும். பெட்டியின் மேல் அதைப் பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். அந்த எடை பிளாஸ்டிக்குக்குள் புதைத்த இரும்புத் தகட்டின் எடை. மேஜையில் போட்டால் ‘டிக்’கென்று பாத்திரக்கடைச் சத்தம். நிஜக் காசினோவின் களிமண் சிப் பெரும்பாலும் பத்து கிராமைத் தொடாது. மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழே விழுந்தால் மந்தமாக ஒரு ‘தொப்’. கனமாக இருந்தால் தரமானது என்று நம்புகிற நம் பழக்கத்தை வைத்தே அந்தக் கடைச் சிப் விற்கப்படுகிறது.

களிமண் என்று பெயரே தவிர, சூளையில் வைத்துச் சுட்டது இல்லை. களிமண்ணோடு வேறு பொருள்களும் சேர்ந்த கலவை. என்னென்ன சேரும் என்பது ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ரகசியம். 1880-களில் தந்தத்துக்கும் எலும்புக்கும் பதிலாக அரக்கும் களிமண்ணும் கலந்த சிப்புகள் அமெரிக்காவில் பரவத் தொடங்கின. பிறகு மெயின் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் இருந்த பர்ட் நிறுவனம் காசினோக்களுக்கும் கிளப்புகளுக்கும் வீடுகளுக்கும் சிப் செய்தது. இன்று வீட்டுக்காரர்களுக்கு ஆர்டரின் பேரில் களிமண் சிப் செய்து தருகிற கிளாசிக் போக்கர் சிப்ஸ் அந்தப் பழைய மெயின் தொழிலின் வாரிசு.

செய்முறை கிட்டத்தட்டக் கைத்தொழில்தான். சாயம் கலந்த கலவையைத் தகடாக்கி வட்டமாக வெட்டுவார்கள். ஓரத்தில் வேறு நிறம் வர வேண்டிய இடத்தைத் துண்டாகக் கத்தரித்து எடுத்துவிட்டு, அதே அளவில் வெட்டிய வேறு நிறத் துண்டை அங்கே செருகுவார்கள். இரண்டு பக்கமும் நடுவில் அச்சடித்த வட்டத் தாளை வைத்து, அச்சுக்குள் தள்ளி, சூட்டோடு அழுத்துவார்கள். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வில்லையாகிவிடும். பிதுங்கிய விளிம்பைக் கடைசலில் சீவி எடுத்தால் சிப் தயார். ஓரப் புள்ளி என்று சொல்லப்படும் இந்தத் துண்டு மேலே பூசிய சாயம் இல்லை, சிப்பின் முழுத் தடிமனுக்கும் ஊடுருவிப் போகிற நிறம் என்பதால் எத்தனை வருஷம் தேய்த்தாலும் அழியாது.

இதற்கு நேர் எதிரான வழி ஒன்றும் உண்டு. அதுவும் மெயின் மாநிலத்திலிருந்தே வந்தது. சிப்கோ என்ற நிறுவனம் பரப்பிய அந்த வகையை ‘செராமிக்’ என்கிறார்கள். பீங்கானுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, கெட்டிப் பிளாஸ்டிக்தான். வெள்ளை வில்லையின் மேல் அச்சிட்ட தாளை வைத்துச் சூடேற்றினால் மை ஆவியாகி உள்ளே இறங்கிவிடும். காபிக் கோப்பையில் போட்டோ அச்சிடுகிறார்களே, அதே முறை. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை எந்தப் படத்தையும் போடலாம், பக்கவாட்டு விளிம்பில்கூட அச்சிடலாம். களிமண்ணைவிட விலை குறைவு, சீக்கிரம் கைக்கு வரும்.

எந்தப் படத்தையும் போடலாம் என்பதில்தான் ஆபத்து. முதல்முறை ஆர்டர் போடுகிறவர் செராமிக்கைத் தேர்ந்தெடுத்து, அதில் நாய்க்குட்டியின் போட்டோவையோ சூரிய அஸ்தமனத்தையோ நிழலும் மினுமினுப்புமாக நிரப்பிவிடுகிறார். கணினித் திரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பார்த்து ரசித்த படம், 39 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் சுருங்கி, நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குப் பழுப்புக் கறையாகத் தெரியும். என்னைக் கேட்டால், முகப்பில் எண் பெரிதாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும். ஒரு சிப்பை அதன் முகத்தைப் பார்த்து அடையாளம் காண்கிற தருணம் ஆட்டத்தில் அபூர்வம். சிப் எப்போதும் அடுக்கில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவது விளிம்பு மட்டுமே.

ஆகவேதான் தேர்ந்தவர்கள் ஓரப் புள்ளிகளுக்காக வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதற்கென்று தனிக் குறியீடே இருக்கிறது. 314 என்றால் கால் அங்குல அகலத்தில் மூன்று புள்ளி. 418 என்றால் அரைக்கால் அங்குலத்தில் நான்கு. நடுவில் ‘டி’ சேர்ந்து 4டி18 என்று வந்தால் நான்கு இடத்தில் இரட்டைப் புள்ளி. புள்ளியும் நிறமும் கூடக் கூட விலை ஏறும், ஏனென்றால் ஒவ்வொரு துண்டையும் ஒருவர் கையால் செருக வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம். ஒரு சிப்பின் புள்ளி நிறம் இன்னொரு சிப்பின் அடி நிறமாக இருந்துவிட்டால் அடுக்கைப் பார்க்கும்போது எது எது என்று குழம்பும். சிவப்புச் சிப்பில் அகலமான பச்சைப் புள்ளி, பச்சைச் சிப்பில் அகலமான சிவப்புப் புள்ளி என்று ஜோடி சேர்ந்தால் அழகாகத்தான் இருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, இரண்டு பீர் உள்ளே போனவர் ‘ஆல்-இன்’, அதாவது இருப்பது அத்தனையும் பந்தயம், என்று தள்ளிய அடுக்கில் நாலு பச்சை ஒளிந்திருந்தால் சண்டை வரும்.

நிறத்துக்கு மரபு உண்டு. நியூ ஜெர்சியில் அது விதியாகவே இருக்கிறது: 1 டாலர் வெள்ளை, 5 சிவப்பு, 25 பச்சை, 100 கறுப்பு, 500 ஊதா. கலிபோர்னியாவின் சீட்டாட்டக் கூடங்களில் 1 டாலர் நீலமாகவும் 5 டாலர் மஞ்சளாகவும் இருப்பது சகஜம். வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் முதல் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகிறார்கள். அதில் ஒரு கோளாறு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் சிவப்பு–பச்சை நிறக்குருடு. மேசைக்கு எட்டு பேர் என்றால், அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவருக்கு 5 டாலர் சிவப்பும் 25 டாலர் பச்சையும் ஒரே மாதிரி தெரியலாம். கேட்டால் சொல்லவும் மாட்டார். சிவப்புக்கு மூன்று பெரிய புள்ளி, பச்சைக்கு எட்டுச் சின்னப் புள்ளி என்று வடிவத்தில் வித்தியாசம் காட்டினால் பிரச்சினை தீர்ந்தது. தொங்குவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் இன்னொரு எதிரி: வெள்ளையும் இளமஞ்சளும், ஊதாவும் கறுப்பும் அதன் கீழே ஒன்றாகிவிடும். மாதிரிச் சிப்பை வரவழைத்து, ஆடுகிற அறையில், ஆடுகிற நேரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

எந்தெந்த மதிப்பில், எத்தனை? நாணயச்சாலை அதிகாரியின் நிஜமான வேலை இங்கேதான் ஆரம்பம். புதியவர்கள் ஏழு எட்டு நிறம் கேட்பார்கள். நாலு போதும். 25 செண்ட், 50 செண்ட் பிளைண்டில் (சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கிற பந்தயம்) ஆடுகிற எட்டுப் பேர் மேசையை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 50 டாலர். 25 செண்ட் சிப் 12 கொடுத்தால் 3 டாலர். 1 டாலர் சிப் 17. 5 டாலர் சிப் 6, அதாவது 30. கணக்கு சரி. எட்டுப் பேருக்கும் 280 சிப். தோற்றவர்கள் மறுபடி வாங்கும்போது 5 டாலராகவே கொடுத்துவிடலாம். ஆக 25 செண்டில் 100, ஒரு டாலரில் 140, ஐந்தில் 120, இருபத்தைந்தில் 40 என்று 400 சிப் செய்தால் மேசையில் 1,765 டாலர் வரை தாங்கும். நண்பர்கள் ஆட்டத்துக்கு இது தாராளம். முதல்முறைக்காரர்கள் எல்லா மதிப்பிலும் சமமாக நூறு நூறு என்று ஆர்டர் போட்டுவிட்டு, பெரிய சிப்புகளைப் பெட்டியிலேயே வைத்துப் பூஜை செய்வார்கள்.

25-க்குப் பதில் 20 டாலர் சிப் செய்ய வேண்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது. கேலியாகத் தோன்றினாலும் அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. அமெரிக்க ஏடிஎம்மிலிருந்து வருவது 20 டாலர் நோட்டு. வாங்குகிறவர் 20, 40, 60 என்றுதான் நீட்டுவார். ஆட்டம் முடிந்து காசாக்கும்போதும் 20 கணக்கில் கொடுத்தால் சில்லறைத் தகராறு வராது. மரபுப் பச்சை பார்க்க அழகு. புழக்கத்துக்கு இருபதே மேல் என்பது என் கட்சியும்.

ஒரே பெட்டியைப் போட்டிக்கும் காசு ஆட்டத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒற்றுமை. போட்டியில் ‘25’ என்பது வெறும் புள்ளிக்கணக்கு, காசு ஆட்டத்தில் அது இருபத்தைந்து டாலர். போட்டியின்போது ஒரு சிப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டவர் அடுத்த வாரம் அதைக் காசாக்கிவிடலாம்.

இதையெல்லாம் தீர்மானித்த பிறகுதான் பெயர். இந்தப் பகுதிக்கு வந்ததும் கணக்குப் பார்த்த மனிதர்கள் குழந்தைகளாகிவிடுகிறார்கள். சிப்பின் நடுவில் ‘இன்னார் வீடு’ என்று போட யாருக்கும் மனம் வருவதில்லை. இல்லாத ஒரு காசினோவைக் கற்பனை செய்கிறார்கள். தெருப் பெயர் ஒரு காசினோ ஆகிறது, வளர்த்த நாய் இன்னொன்று ஆகிறது, தாத்தா வைத்திருந்து மூடிப்போன மதுக்கடை உயிர்பெற்று எழுகிறது. அதற்கு ஊர்ப் பெயர், நிறுவிய ஆண்டு, 1950-களின் நெவாடா விளம்பரப் பலகையைப் போன்ற எழுத்துரு. கற்பனைக் காசினோவின் முகப்பில் எரிகிற நியான் விளக்கு எந்த நிறம் என்பதுவரை யோசித்து வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் திரையை மனைவி எட்டிப் பார்த்து, “இது கராஜ்தானே?” என்று கேட்கும்போது கொஞ்சம் சிரமம்.

இவர்களில் தீவிரமானவர்களுக்கு ஒரே ஏக்கம், பால்சன். 1963-ல் லாஸ் வேகஸில் பால் எண்டி தொடங்கிய நிறுவனம்; மெக்சிகோ எல்லையோரம் சான் லூயிஸ் ரியோ கொலராடோவில் தொழிற்சாலை. விளிம்பைச் சுற்றித் தொப்பியும் கைத்தடியும் அச்சான அந்தச் சிப்பைத் தொட்டவர்கள் வேறெதையும் தொடமாட்டேன் என்கிறார்கள். நிறுவனம் 2002-ல் பிரெஞ்சு பூர்கோன் எ கிராசே, பட் ஜோன்ஸ் ஆகியவற்றோடு இணைந்து கேமிங் பார்ட்னர்ஸ் ஆனது, 2019-ல் ஜப்பானின் ஏஞ்சல் குழுமத்திடம் போனது. காசினோவுக்கு மட்டுமே விற்பனை. பணத்தை நீட்டினாலும் வீட்டுக்காரருக்குக் கிடைக்காது. ஆகவே மூடிப்போன காசினோக்களின் பழைய சிப்புகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதிலும் சிலர், நடுவிலிருக்கும் பழைய முத்திரையைக் கடைசலில் சுரண்டி எடுத்துவிட்டுத் தங்கள் கற்பனைக் காசினோவின் முத்திரையை ஒட்டிவிடுகிறார்கள். சேகரிப்பாளர்கள் இதைக் கொலை என்கிறார்கள். 1988-ல் சங்கமே தொடங்கி காசினோச் சிப்புகளைத் தபால்தலை போலச் சேகரிக்கிறவர்கள் அவர்கள். ஆத்திரம் வரத்தானே செய்யும். கொலை செய்தவரோ, பெட்டிக்குள் கிடந்த சிப்புக்கு மறுபடி ஆட வாய்ப்புக் கொடுத்தேன் என்கிறார். எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் சாய்வு, அந்தச் சிப் அபூர்வமானதாக இல்லாதவரை.

புதுக் களிமண் சிப் வந்து சேர்ந்தவுடன் பெட்டியைத் திறந்தால் முதலில் ஏமாற்றம்தான் வரும். நிறமெல்லாம் வெளுத்து, மேலே சாம்பல் படிந்ததுபோல, தொட்டால் விரலில் மாவு ஒட்டும். படத்தில் பார்த்த கருநீலம் எங்கே என்று பதறக் கூடாது. மென்மையான துணியில் மினரல் ஆயில் இரண்டு சொட்டு விட்டு, சிப்பின் இரண்டு முகத்தையும் விளிம்பையும் துடைத்தால் துணி கறுக்கும், நிறம் எழுந்து வரும். பிறகு ஒரு ராத்திரி துணி விரித்துப் பரப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் ஆட்டத்தில் எல்லார் கையும் பிசுக்கு. 400 சிப்பையும் ஒவ்வொன்றாகத் துடைப்பது சோம்பேறிகளுக்கு ஆகாத வேலை. ஒரு சிப்பை எண்ணெய் தடவியும் பக்கத்தில் ஒன்றைத் தடவாமலும் வைத்துப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது இந்த வட்டாரத்தின் சம்பிரதாயம்.

ஆர்டர் போடும்போதே ஒவ்வொரு மதிப்பிலும் ஒரு அடுக்கு, அதாவது 20 சிப், கூடுதலாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு கேட்டால் அதே நீலம் வராது. கலவை மாறியிருக்கும், இல்லையென்றால் தொழிற்சாலையே கைமாறியிருக்கும். சிப்புகள் நாய் வாய்க்கும் சோபா இடுக்குக்கும் போகும். எல்லாவற்றையும்விட அதிகமாக விருந்தாளி சட்டைப் பைக்குப் போகும். “ஞாபகார்த்தமாக ஒண்ணு எடுத்துக்கறேன், இது வெறும் கால் டாலர்தானே” என்று சொல்லி 25 செண்டை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சிப்பைச் செய்ய வீட்டுக்காரர் ஒரு டாலருக்கு மேல் கொடுத்திருப்பார்.